அடுத்த வரியையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழியில் எழுதிய அரசியல் சிந்தனையாளர் ரூசோவின் பெயர் நம் பக்கத்தில் அடிக்கடி காதில் விழுகிறது. வேலூர், ஆற்காடு, குடியாத்தம் கல்லூரிகளின் பேச்சுப் போட்டிகளிலும், போட்டித் தேர்வுக் கையேடுகளிலும், தேர்தல் மேடைகளிலும், நாளிதழ்க் கட்டுரைகளிலும் அவர் வருகிறார். வருவது பெரும்பாலும் ஒரே வாக்கியமாகத்தான்: 'மனிதன் சுதந்திரமாகப் பிறக்கிறான், எங்கு பார்த்தாலும் சங்கிலியில் கிடக்கிறான்.' வாக்கியத்தில் பிழையில்லை. 1762 ஏப்ரலில் வெளிவந்த 'சமுதாய ஒப்பந்தம்' நூலின் முதல் பாகம், முதல் இயல் அப்படித்தான் தொடங்குகிறது. ஆனால் எல்லோரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

அடுத்த வரி இது: மற்றவர்களுக்கு எசமான் என்று நினைத்துக்கொள்பவன் அவர்களைவிடப் பெரிய அடிமையாக இருக்கிறான். அதற்கும் அடுத்த வரிகளில், இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது என்று கேட்டு, தெரியாது என்கிறார். இதை நியாயமானதாக ஆக்குவது எது என்று கேட்டு, அதற்கு விடை சொல்ல முடியும் என்கிறார். நூல் முழுவதும் அந்த விடைதான். எந்தக் கட்டுக்கு மனிதன் உட்பட்டும் அடிமையாகாமல் இருக்க முடியும் என்பதே அவருடைய கேள்வி. முதல் வாக்கியத்தோடு நிறுத்தினால் 'கட்டுகளை எல்லாம் அறுத்தெறி' என்ற முழக்கம் மட்டும் மிஞ்சும். அது ரூசோ எழுதாத நூல்.

ரூசோவைப் பற்றி நம்மிடையே உலவும் தவறான கருத்துகளில் பெரும்பாலானவை இப்படி ஒரு வரி முன்னதாக நிறுத்துவதால் வந்தவை என்பதுதான் இக்கடிதத்தின் செய்தி. வட ஆற்காட்டு வாசகர்களுக்கு நன்கு தெரிந்த சிலவற்றோடு வைத்து அதை விளக்க விரும்புகிறேன்.

முதலில் சுதந்திரம். முதல் பாகத்தின் 8-ஆம் இயல் இரண்டு பக்கம்கூட வராது. அதில் சுதந்திரத்தை மூன்றாகப் பிரிக்கிறார். இயற்கைச் சுதந்திரம்: கை எட்டியதை எல்லாம் எடுத்துக்கொள்ளலாம், உடல் வலிமைதான் எல்லை. குடிமைச் சுதந்திரம்: எல்லோரும் சேர்ந்து வகுத்த விதி எல்லை, அதற்குள் உன் உடைமை உனக்குப் பாதுகாப்பாக இருக்கும். மூன்றாவது அறச் சுதந்திரம். வெறும் ஆசையின் இழுப்புக்குப் போவது அடிமைத்தனம், தனக்குத் தானே விதித்துக்கொண்ட சட்டத்துக்குக் கீழ்ப்படிவதே சுதந்திரம் என்கிறார். நம் மாணவர்களின் தேர்வுத் தாள்களில் முதல் இரண்டும் இருக்கும், மூன்றாவது இராது. மூன்றாவது இல்லாவிட்டால் 'என் விருப்பம், நீ யார் கேட்க' என்பதே சுதந்திரம் என்றாகிவிடும்.

இதே கருத்துக்கு இன்னும் கூர்மையான ஓர் இடம் உண்டு. அது 'எமில்' என்ற கல்வி நூலின் இரண்டாம் பாகத்தில் வருகிறது. அந்நூல் 1762 மே மாதம் வந்தது. மனிதனின் சார்புநிலை இரண்டு வகை என்கிறார்: பொருள்களைச் சார்ந்திருப்பது, மனிதர்களைச் சார்ந்திருப்பது. முதலாவது சுதந்திரத்தைக் கெடுக்காது, கெட்ட குணத்தையும் வளர்க்காது. இரண்டாவதுதான் எல்லாக் கேட்டையும் பிறப்பிக்கிறது. மழை பொய்த்தால் பயிர் காயும். வயிறு எரியும், ஆனால் தலை குனியாது. அதே வயலுக்கு மடையைத் திறப்பதும் அடைப்பதும் ஒரு தனி மனிதரின் தயவில் இருந்தால், விவசாயி கும்பிடக் கற்றுக்கொள்கிறான், பொய் சொல்லக் கற்றுக்கொள்கிறான், பக்கத்து வயல்காரனைப் பற்றிக் கோள் சொல்லவும் கற்றுக்கொள்கிறான். மடையைத் திறக்கிறவரும் அந்தக் கும்பிடு இல்லாமல் இருக்க முடியாதவராகிவிடுகிறார். எசமானே பெரிய அடிமை என்ற அந்த இரண்டாவது வரியின் பொருள் இதுதான்.

இந்தக் கொள்கையை அவர் தம் வாழ்க்கையிலும் ஓரளவு கடைப்பிடித்தார். 1752-இல் அவர் இயற்றிய இசை நாடகம் பிரெஞ்சு அரசர் முன் நடிக்கப்பட்டது. மறுநாள் அரசரைப் போய்ப் பார்த்திருந்தால் உதவித்தொகை கிடைத்திருக்கும், அவர் போகவில்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி இசைக்குறிப்புகளைப் படியெடுத்தே வயிற்றைக் கழுவினார்.

முன்பணம் என்றால் என்ன என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் குடும்பத்தோடு போகிறவர் வாங்குகிற சில ஆயிரம் ரூபாய், அவர் எங்கே உறங்குவது, எப்போது ஊருக்குப் போவது என்பதையெல்லாம் இன்னொருவர் கையில் கொடுத்துவிடுகிறது. 'அவராக விரும்பித்தானே கைநாட்டு வைத்தார்' என்பது வழக்கமான வாதம். முதல் பாகம் 4-ஆம் இயலில் ரூசோ இந்த வாதத்தைத்தான் உடைக்கிறார். சுதந்திரத்தை விற்கும் ஒப்பந்தத்தை அவர் இப்படி எழுதிக் காட்டுகிறார்: செலவெல்லாம் உனக்கு, ஆதாயமெல்லாம் எனக்கு, எனக்கு விருப்பமுள்ளவரை நான் இதைக் காப்பேன், எனக்கு விருப்பமுள்ளவரை நீயும் காக்க வேண்டும். ஒரு பக்கம் முழு அதிகாரமும் மறுபக்கம் எல்லையற்ற பணிவும் இருந்தால் அது ஒப்பந்தமே ஆகாது, செல்லாது என்பது அவர் முடிவு. நம் நாட்டில் 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அதைத்தான் செய்கிறது: கடனைத் தவணையில் கட்டச் சொல்லவில்லை, கடனே அழிந்தது என்கிறது. அந்தச் சட்டத்தின் தர்க்கத்தை மாணவர்களுக்கு விளக்க இந்த நாலாம் இயலைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

சமத்துவத்துக்கும் அவர் வைக்கும் அளவுகோல் இதுவே. எல்லோருக்கும் ஒரே அளவு சொத்து என்று அவர் கேட்கவில்லை. இன்னொருவரை விலைக்கு வாங்கும் அளவுக்கு யாரும் செல்வராக இருக்கக் கூடாது, தன்னை விற்றுக்கொள்ளும் அளவுக்கு யாரும் ஏழையாக இருக்கக் கூடாது என்கிறார். இரண்டாம் பாகம், 11-ஆம் இயல். இது நம் ஊரில் கசப்பாகவே உறைக்கும். 2019 ஏப்ரலில் தமிழ்நாடு முழுவதும் மக்களவைத் தேர்தல் நடந்தபோது வேலூர்த் தொகுதியில் மட்டும் வாக்குப்பதிவு நடக்கவில்லை. பெருந்தொகை பிடிபட்டதை அடுத்து, பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டித் தேர்தல் ரத்தானது. ஆகஸ்ட் 5 அன்றுதான் நாம் வாக்களித்தோம். ஆங்கிலேயர் தேர்தல் நாளில் மட்டும் சுதந்திரமானவர்கள், அது முடிந்ததும் அடிமைகள் என்ற ரூசோவின் வரியை மேடையில் கைதட்டலுக்காகச் சொல்கிறார்கள். மூன்றாம் பாகம் 15-ஆம் இயலில் அதற்கடுத்த வரியையும் பாருங்கள்: அந்தச் சில கணச் சுதந்திரத்தை அவர்கள் பயன்படுத்தும் விதத்தைப் பார்த்தால், அதை இழப்பது அவர்களுக்குத் தகும். ஆள்வோரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்கு ரூசோ இடம் தருவதில்லை.

இனி மனித இயல்பு. 'இயற்கைக்குத் திரும்புங்கள் என்றார் ரூசோ' என்று கையேடுகள் சொல்கின்றன. 1755-இல் வந்த 'மனிதரிடையே சமத்துவமின்மையின் தோற்றம்' என்ற நூலைப் படித்த வால்டேர் என்ற பிரெஞ்சு எழுத்தாளர், இதைப் படித்தால் நான்கு காலில் நடக்கத் தோன்றுகிறது என்று அவருக்கே கடிதம் எழுதினார். அந்தக் கேலிதான் இன்றும் ஓடுகிறது. அதே நூலின் 9-ஆம் குறிப்பில் ரூசோவே கேட்கிறார்: அப்படியானால் சமுதாயத்தை அழித்துவிட்டுக் கரடிகளோடு வாழக் காட்டுக்குப் போக வேண்டுமா? என் எதிரிகள்தான் அப்படி முடிவு கட்டுவார்கள் என்கிறார். நிலத்துக்கு வேலி போட்டு 'இது என்னுடையது' என்று முதலில் சொன்னவனைப் பற்றிய புகழ்பெற்ற பத்திக்கும் இதே கதிதான். சில வரிகள் தள்ளி, அந்நேரத்துக்குள் நிலைமை பழையபடி நீடிக்க முடியாத கட்டத்துக்கு வந்துவிட்டிருக்கும் என்று எழுதுகிறார். அதை யாரும் மேற்கோள் காட்டிப் பார்த்ததில்லை.

அந்நூலின் உயிரே இரண்டு பிரெஞ்சுச் சொற்களின் வேறுபாட்டில் இருக்கிறது. இரண்டையும் 'சுயநலம்' என்று மொழிபெயர்ப்பதால்தான் தமிழில் படிப்பவர்கள் தடுமாறுகிறார்கள். 'அமூர் த ஸ்வா' என்பது தன்னைப் பேணும் அன்பு: பசித்தால் உண்பது, அடி விழுந்தால் விலகுவது. விலங்குக்கும் உண்டு, அதில் குற்றமில்லை. 'அமூர் ப்ரோப்ர்' என்பது பிறர் கண்ணில் நான் எப்படித் தெரிகிறேன் என்ற கவலை. இதற்குத் தமிழில் அகராதிச் சொல் தேட வேண்டியதில்லை. 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்ற நம் பேச்சிலேயே இருக்கிறது. அது எப்படிப் பிறந்தது என்று காட்ட அவர் ஒரு காட்சி தருகிறார். குடிசைகளின் முன்னே, பெரிய மரத்தடியில் மக்கள் கூடிப் பாடி ஆடுகிறார்கள். ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்க்கிறார்கள், தானும் பார்க்கப்பட வேண்டும் என்று விரும்புகிறார்கள். நன்றாகப் பாடுபவன், நன்றாக ஆடுபவன், அழகானவன் மதிப்புப் பெறுகிறான். சமத்துவமின்மைக்கும் தீமைக்கும் முதல் படி அதுவே என்கிறார். திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு, பரிவட்டம் யாருக்கு என்று அண்ணன் தம்பிகள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறுவதைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இக்காட்சி அந்நியமாக இராது. கடன் வாங்கிப் பெரிய மண்டபம் பிடித்துக் கல்யாணம் நடத்தி, அந்தக் கடனுக்காகவே இன்னொருவர் கைக்குள் போய்ச் சேரும் குடும்பத்தில் தொடக்கத்தில் இருந்தது பசியா, நாலு பேரா? ரூசோ இந்தக் கேள்வியைத்தான் கேட்கச் சொல்கிறார்.

'மனிதன் இயல்பில் நல்லவன்' என்பதையும் பாதியில் நிறுத்துகிறோம். நல்லவன் என்பது வேறு, அறமுடையவன் என்பது வேறு. 'எமில்' ஐந்தாம் பாகத்தில் அறத்துக்கான பிரெஞ்சுச் சொல்லே வலிமையிலிருந்து வந்தது என்று சுட்டுகிறார். போராட்டம் இல்லாமல் அறம் இல்லை. இயல்பில் பலவீனமாகவும் மன உறுதியில் பலமாகவும் இருக்கும் உயிருக்குத்தான் அறம் பொருந்தும். அதனால்தான் கடவுளை நல்லவர் என்கிறோம், அறவோர் என்பதில்லை. நன்மை செய்ய அவருக்கு முயற்சி தேவையில்லை என்கிறார். என்னைப் பொறுத்தவரை ரூசோ எழுதியவற்றுள் மிக ஆழமான இடம் இது. தமிழ் மொழிபெயர்ப்பில் இச்சொல்லை 'நற்பண்பு' என்று போட்டால் கருத்து செத்துவிடுகிறது. 'அறம்' என்று போட்டு, அதற்கு 'மனத்திண்மை' தேவை என்று ஓர் அடிக்குறிப்பும் சேர்த்தால் நிற்கும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. 'எமில்' இரண்டாம் பாகத்தில் ரூசோ ஒரு கதையை வரிவரியாகப் பிரித்து ஆராய்கிறார். காகம் வாயில் பாலாடைக்கட்டியோடு மரத்தில் உட்கார்ந்திருக்கிறது. நரி வந்து புகழ்ந்து அதைப் பறிக்கிறது. நம் பாட்டி வடை சுட்ட கதைதான். முகஸ்துதிக்கு மயங்காதே என்று பாடம் சொல்லவே ஆசிரியர் இதைச் சொல்கிறார். பிள்ளை என்ன கற்கிறது? காக்கையைப் பார்த்துச் சிரிக்கிறது, நரியைப் பிடித்துக்கொள்கிறது. ஏமாறுகிறவராக இருக்க எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை? ஆக, பாடம் 'ஏமாற்றக் கற்றுக்கொள்' என்றாகிவிடுகிறது. நம் கதையில் சிக்கல் இன்னும் ஒரு படி அதிகம். வடை காக்கையுடையதே இல்லை, பாட்டியிடம் திருடியது. கதை முடியும்போது பாட்டிக்கு வடையும் வருவதில்லை, காசும் வருவதில்லை. அவளைப் பற்றி யாரும் கேட்பதுமில்லை. வடையைக் காலில் வைத்துக்கொண்டு கா கா என்று பாடும் புதுக் காக்கையோ இன்னும் கெட்டிக்காரத் திருடு. தொடக்கப்பள்ளியில் கதையைச் சொல்லிவிட்டு 'இதிலிருந்து என்ன தெரிகிறது' என்று கேட்பதற்குப் பதில் 'நீ யாராக இருக்க ஆசைப்படுகிறாய்' என்று கேட்டுப் பாருங்கள். கிடைக்கும் பதிலில் ரூசோ சொன்னது தெரியும்.

அதே பாகத்தில் உடைமை என்றால் என்ன என்று கற்பிக்கும் முறையும் உண்டு. பிள்ளையைத் தோட்டத்தில் அவரைக்கொட்டை விதைக்க விடுகிறார். நாள்தோறும் தண்ணீர் ஊற்றுகிறான். உழைப்பைப் போட்டதால் இது உன்னுடையது என்கிறார். ஒருநாள் செடியெல்லாம் பிடுங்கிக் கிடக்கிறது. பிடுங்கியவன் தோட்டக்காரன் ராபர்ட். பிள்ளை அழ, ராபர்ட்டோ தன் நியாயத்தைச் சொல்கிறான்: அங்கே அவன் முன்பே மால்ட்டா முலாம்பழ விதை போட்டு அது முளைத்தும் இருந்தது, இவர்கள் அதைக் கெடுத்துவிட்டுத்தான் அவரை போட்டார்கள். கடைசியில் ஓரமாக ஒரு துண்டு நிலம் கொடுக்கிறான். என் முலாம்பழத்தைத் தொட்டால் உன் அவரையைக் கொத்திவிடுவேன் என்றும் சொல்லிவைக்கிறான். உடைமை, உழைப்பு, முன்னுரிமை, உடன்படிக்கை நான்கும் வந்துவிட்டன. கரும்பலகையில் ஒரு சொல்லும் எழுதவில்லை. இந்த முறை எங்கே பிசகும் என்றால், பெரியவர் அவசரப்பட்டு முதல் நாளே 'அது ராபர்ட் இடம்' என்று சொல்லிவிடும்போது. பிள்ளை உழைத்து, இழந்து, அழுதபின்தான் அடுத்தவன் உழைப்பும் இழப்பும் அவனுக்குப் புரியும்.

மிகப் பெரிய குழப்பம் 'பொதுவிருப்பம்' என்ற சொல்லில்தான். ஊராட்சிக் கூட்டத்தில் கை அதிகம் தூக்கியதுதான் பொதுவிருப்பம் என்று நினைக்கிறோம். இரண்டாம் பாகம் 3-ஆம் இயலில் ரூசோ அதையும் 'எல்லோருடைய விருப்பத்தையும்' தனித்தனியே பிரிக்கிறார். எல்லோருடைய விருப்பம் தனித்தனி ஆசைகளின் கூட்டுத்தொகை மட்டுமே. பொதுவிருப்பமோ பொது நன்மையை மட்டும் பார்க்கிறது. ஓர் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமடைக்காரர்கள் 60 பேர், இரண்டாம் போகமும் நெல் போட வேண்டும் என்கிறார்கள். கடைமடைக்காரர்கள் 40 பேர், முதல் போகமே கதிர் வாங்கும் நேரத்தில் காயாமல் இருந்தால் போதும் என்கிறார்கள். கை தூக்கினால் 60 வெல்லும். ரூசோவின்படி கேள்வியே தவறு. 'உனக்கு எது வேண்டும்' என்று கேட்கக் கூடாது, 'இந்த ஆயக்கட்டு முழுவதற்கும் எது தகும்' என்று கேட்க வேண்டும் என்கிறார். நான்காம் பாகம் 2-ஆம் இயலில் இருக்கிறது. விதியும் பொதுவாக இருக்க வேண்டும்: 'ஏரி பாதிக்குக் கீழே இறங்கினால் யாரும் புதிதாக நெல் நடக்கூடாது' என்பதுபோல, ஆள் பெயர் இல்லாமல். அப்போது தலைமடைக்காரரும் தம்மை அந்த 'யாரும்' என்ற சொல்லுக்குள் வைத்துத்தான் யோசித்தாக வேண்டும்.

இதைக் கிராம சபையில் நடத்திப் பார்க்க முடியும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டில் ஆறு நாள் அது கூடுகிறது. 500 பேர் வரையுள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்தாக வேண்டும். பொதுவிருப்பம் வெளிப்பட ரூசோ வைக்கும் முதல் நிபந்தனை, மக்களுக்குப் போதிய தகவல் தெரிந்திருக்க வேண்டும் என்பது. வரவு செலவைக் கூட்டத்தில் வேகமாக வாசித்து முடிப்பது தகவலாகாது. சில நாள் முன்பே எழுதி ஒட்டினால்தான் வீட்டில் பேசிவிட்டு வர முடியும். இரண்டாவது, கட்சி கட்டி வரக் கூடாது. தெரு தெருவாக, சாதி சாதியாக முன்பே பேசி முடித்துக்கொண்டு வந்தால், நூறு பேர் இருந்தாலும் உண்மையில் இரண்டோ மூன்றோ கருத்துகள்தான் இருக்கின்றன. அவற்றில் ஒன்று மற்றவற்றைவிடப் பெரிதாகிவிட்டால் பொதுவிருப்பம் அங்கே முடிந்தது. குழுக்களை ஒழிக்க முடியாவிட்டால் அவற்றின் எண்ணிக்கையைப் பெருக்கு, ஒன்று மட்டும் ஓங்கவிடாதே என்கிறார். மகளிர் குழு, இளைஞர், கூலித் தொழிலாளர், கடைமடைக்காரர் எனப் பல குரல்கள் தனித்தனியே எழுந்தால் ஒற்றைக் குரல் ஆட்சி குறையும்.

அடிக்கடி பிசகும் இடம் பயனாளிப் பட்டியல். வீடு யாருக்கு என்று முதலில் பெயரைப் பேசிவிட்டுப் பிறகு தகுதியைப் பேசினால், தகுதி அந்தப் பெயருக்கு ஏற்றபடி வெட்டித் தைக்கப்படும். சட்டம் யாரையும் பெயர் சொல்லிச் சுட்ட முடியாது என்பது இரண்டாம் பாகம் 6-ஆம் இயல். ஆகவே ஒரு கூட்டத்தில் தகுதியை மட்டும் தீர்மானியுங்கள்: கூரை வீடு, நிலமின்மை, தனித்து வாழும் பெண், எது முதலில் என்று. பெயர்களை அடுத்த கூட்டத்தில் வையுங்கள். எத்தனை பேர் ஒப்ப வேண்டும் என்பதற்கும் அவர் அளவு தருகிறார்: விஷயம் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு ஒருமித்த கருத்தை நெருங்க வேண்டும்; எவ்வளவு அவசரமோ அவ்வளவுக்குச் சிறு பெரும்பான்மை போதும். மேய்ச்சல் நிலத்தைக் கைமாற்றும் தீர்மானத்துக்கு நூற்றுக்கு 51 பேர் கை போதாது. உடைந்த கரையை இன்றிரவே அடைக்க ஒரு கை அதிகம் இருந்தாலே போதும்.

'பொது விஷயத்தில் எனக்கென்ன வந்தது என்று ஒருவன் சொன்ன அந்தக் கணமே அரசு தொலைந்தது' என்று மூன்றாம் பாகம் 15-ஆம் இயல் சொல்கிறது. அதே இயலில், பணம் கொடுத்து ஆள் வைத்துப் பொதுவேலை செய்வதைவிடத் தன் கையால் செய்வது சுதந்திரத்துக்கு ஏற்றது, வரியைவிடப் பொது உழைப்பே மேல் என்கிறார். ஊராரே சேர்ந்து ஏரியையும் கால்வாயையும் பழுதுபார்க்கும் குடிமராமத்தை மெச்சுபவர்கள் இதைக் கொண்டாடலாம். நான் அப்படியே ஏற்கமாட்டேன். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்த கதையின் பின்னால், தண்ணீரில் பங்கே இல்லாதவர்கள் கூலியின்றிக் கரை கட்டிய கதையும் நம் மண்ணில் உண்டு. 'வெட்டி வேலை' என்ற சொல் அங்கிருந்துதான் வந்தது. தீர்மானிக்கும் இடத்தில் உட்கார்ந்தவன் செய்தால்தான் அது ரூசோ சொன்ன உழைப்பு.

ஏரி ஏன் தூர்ந்தது என்பதற்கும் அவரிடம் ஒரு பதில் இருக்கிறது. சமத்துவமின்மை நூலின் இரண்டாம் பகுதியில் மான் வேட்டை உவமை வருகிறது. மானைப் பிடிக்க ஒவ்வொருவரும் தன் இடத்தில் உறுதியாக நிற்க வேண்டும். கைக்கு எட்டிய தூரத்தில் ஒரு முயல் ஓடினால் ஒருவன் அதன் பின்னால் போய்விடுவான். தன் இரை கிடைத்தபின் மற்றவர்களுக்கு மான் தப்பியதைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. நமக்கு ஏரி மான், ஆழ்துளைக் கிணறு முயல். ஆழ்துளை போட்டவருக்கு வரத்துக்கால்வாய் தேவையில்லை. அவர் தூர்வார வருவதில்லை. கால்வாயில் சீமைக்கருவேல் முளைக்கிறது, ஏரி நிரம்புவதில்லை, நிலத்தடி ஊற்றும் இறங்குகிறது. பிறகு முயல் பிடித்தவரின் குழாயும் காற்றைத்தான் கக்கும். இன்னும் ஆழம் போகப் பணமுள்ளவர் மட்டும் போவார். மற்றவர்கள் அவரிடம் தண்ணீர் வாங்குவார்கள். மழையை நம்பி இருந்தவர்கள் ஒரு மனிதரை நம்பி இருப்பவர்களாகிறார்கள். நான் முன்பு சொன்ன இருவகைச் சார்பும் ஒரே ஊரில், ஒரே தலைமுறையில், இப்படி இடம் மாறுகின்றன.

கடைசியாக, ரூசோவின் பெயரைக் கெடுத்த வரி: பொதுவிருப்பத்துக்குக் கீழ்ப்படிய மறுப்பவன் 'சுதந்திரமாக இருக்கும்படி கட்டாயப்படுத்தப்படுவான்.' முதல் பாகம், 7-ஆம் இயல். சர்வாதிகாரத்தின் விதை என்று இதைக் காட்டுகிறார்கள். அடுத்த வரியில் காரணம் இருக்கிறது: அந்த நிபந்தனைதான் ஒவ்வொரு குடிமகனையும் தனி மனிதரைச் சார்ந்திருப்பதிலிருந்து காக்கிறது. பாலாற்றங்கரையில் இதற்குப் பொருள் தேட வெகுதூரம் போக வேண்டாம். தோல் கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோல் பதனிட 35 லிட்டர் தண்ணீர் செலவாவதையும், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனதையும் அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற கோட்பாட்டை நாட்டின் சட்டமாக அறிவித்தது. ஒவ்வொரு தோல் பதனிடும் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. ஆலை உரிமையாளருக்கு இரண்டு விருப்பங்கள் உண்டு: செலவில்லாமல் கழிவை வெளியேற்றுவது ஒன்று, தன் பிள்ளைகளும் குடிக்கும் கிணறு நன்றாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவது தனி விருப்பம். இரண்டாவது, குடிமகனாக அவருக்குள்ளேயே இருக்கும் பொதுவிருப்பம். ஒருவர் மட்டும் சுத்திகரித்தால் செலவு தாங்காமல் போட்டியில் தோற்பார். எல்லோரையும் ஒருசேரக் கட்டாயப்படுத்தினால்தான் எவராலும் செய்ய முடியும். அந்தக் கட்டாயம் அவருடைய சொந்த இரண்டாவது விருப்பத்தையே நிறைவேற்றுகிறது.

இப்படிச் சொல்வதால் ரூசோவிடம் குறையில்லை என்று பொருளில்லை. பொதுவிருப்பம் இதுதான் என்று அறிவிக்கும் அதிகாரத்தை ஒரு குழு கைப்பற்றினால் தடுக்கும் வழி அவர் நூலில் மெலிவாகத்தான் இருக்கிறது. நான்காம் பாகம் 8-ஆம் இயலில், குடிமைச் சமயக் கொள்கையை, அதாவது குடிமக்கள் எல்லோரும் ஏற்க வேண்டும் என்று அவர் வகுத்த நம்பிக்கைகளை, ஏற்றுவிட்டுப் பின் நம்பாதவர்போல் நடப்பவருக்கு மரண தண்டனை என்று எழுதியதை எந்த விளக்கமும் காப்பாற்றாது. 'எமில்' நூலின் கற்பனை மாணவன் எமிலுக்குத் தந்த சுதந்திரத்தை அதே நூலில் வரும் சோஃபி என்ற பெண்ணுக்கு மறுத்தார். ஆணுக்குப் பிடித்தபடி இருக்கவே அவளை வளர்த்தார். பெண்ணுரிமைக்காக எழுதிய ஆங்கில எழுத்தாளர் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் 1792-இல் அதற்குத் தந்த மறுப்பை 'எமில்' ஐந்தாம் பாகத்தோடு சேர்த்தே பாடத்தில் வைக்க வேண்டும். தம் ஐந்து குழந்தைகளையும் அநாதை விடுதியில் விட்டவர் அவர் என்பதையும் மாணவர்களிடம் மறைக்கக் கூடாது.

படிக்க விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் சமத்துவமின்மை நூலின் இரண்டாம் பகுதி. பிறகு 'சமுதாய ஒப்பந்தம்' முதல் பாகம். 9 சிறிய இயல்கள், நாளுக்கு ஒன்று என்றால் ஒன்பது நாளில் முடியும். இரண்டாம் பாகத்தில் முதல் 6 இயல்களும் 11-ஆவதும், அதன்பின் மூன்றாம் பாகம் 15, நான்காம் பாகம் 1, 2. 'எமில்' இரண்டாம் பாகத்தைத் தனியாகவே படிக்கலாம். பெரும்பாலோர் முழு நூலையும் முதலிலிருந்து தொடங்கி, மூன்றாம் பாகத்து அரசாங்க வகைகளில் சலித்து நிறுத்திவிடுகிறார்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ரூசோவின் வரி ஒன்றைத் தங்கள் நாளிதழில் வெளியிடும்போது பாகம், இயல் எண்களைச் சேர்த்து, அதற்கடுத்த இரண்டு வரிகளையும் போடுங்கள். அதிகம் போனால் ஒரு பத்தியில் நான்கு வரி இடம் பிடிக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.